ரப்பர் வளையம்

பதினோராம் நாள்தான் போய்ச் சேர்ந்தேன்.
சைக்கிளின் பின்னால் கட்டிய பையில்
இரண்டு ஸ்பேனர், கொஞ்சம் கயிறு,
உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்பு ரப்பர் வளையம் இரண்டு.
படிவத்தில் ஒன்று என்றுதான் இருந்தது.

அடிகுழாயின் கைப்பிடி
பல் போன வாய் மெல்லுவதுபோல்
வெறுமனே ஏறி இறங்கியது.
ஆகவே ஊரே ஷீரே ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது.

டோரிக்கா இடக்கையால் என் ஸ்பேனரை வாங்கி
இடுப்புத் துணியில் செருகிக்கொண்டாள்.
வலது சட்டைக்கை
முழங்கைக்குக் கீழே முடிச்சிட்டிருந்தது.
"முதலில் ஒரு வாளி கொண்டு வா லாஸ்டன்.
அப்புறம் குழாயைத் திற."
சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

கரையில் முள்ளை வெட்டிப் போட்டு
தண்ணீருக்குள் அரைவட்டமாய் வேலி.
போன வெள்ளம் அதில் பாதியைத் தின்றிருந்தது.
குனியாதே என்றார்கள்.
கழியின் நுனியில் வாளியைக் கட்டு, எட்ட நின்று வீசு.
ஆகாயத்தாமரை அசைந்தால்
காற்று அடிக்கிறதா பார்;
காற்று இல்லையென்றால் கழியை விட்டுவிட்டு ஓடு.
வாளிக்காக யாரும் ஒப்பாரி வைப்பதில்லை.
தண்ணீரைத் தட்டி விரட்டு என்றாள் எனெலேசி.
தட்டாதே, சத்தத்துக்குத்தான் அது வரும் என்றாள் ஃபலேசி.
பதினோரு நாளாய் நடக்கும் சண்டை போலிருந்தது,
இருவரும் என்னை மறந்துபோனார்கள்.

ஆறு தேநீர் நிறத்தில்
மொசாம்பிக் பக்கமாய்ச் சோம்பலாக நகர்ந்தது.

வாளி நிறைந்தது. இழுக்கையில் பாதி சிந்தியது.
மறுபடி வீசக் கழியை ஓங்கினேன்.
பின்கழுத்துச் சட்டையைப் பிடித்து
டோரிக்கா என்னை இழுத்தாள்.
"அங்கே வேண்டாம்.
இப்போது உன்னை அதற்குத் தெரியும்."

நாணல் நாணலாகவே இருந்தது.
மிதந்த கட்டை கட்டையாகவே மிதந்தது.
எதுவும் எழவில்லை, எதுவும் பாயவில்லை.
ஆனாலும் கெண்டைக்கால் இரண்டும்
நனையாமலே குளிர்ந்தன.
இருபதடி தள்ளிப் போய் மொண்டேன்.

திரும்பும் வழியில் அவளாகவே சொன்னாள்:
"நான் கவனமில்லாதவள் இல்லை.
அதே கல், அதே விடியல்,
சேவல் கூவியதும் கிளம்பிவிடுவேன்.
ஒழுங்கானவள் என்று ஊரில் பெயர்.
மூன்று நாள் அது என்னைப் படித்தது.
நாலாம் நாள் பரீட்சை எழுதியது."
பின்னால் வந்த எனெலேசி சிரித்துவிட்டாள்.
டோரிக்காவும் சிரித்தாள்.
நான் வாளியைக் கை மாற்றிக்கொண்டேன்.

குழாயைப் பிரித்தேன்.
பழைய வளையத்தின் ஓரத்தில் நகக்கீறல் அளவு ஒரு பிளவு.
இதைவிடப் பெரிய விரிசல் என் செருப்பில் இருக்கிறது.
மாவட்ட அலுவலகத்தில் இதற்கு ஒரு படிவம்,
படிவத்துக்கு ஒரு கையெழுத்து,
கையெழுத்துப் போடுகிறவருக்கோ
லிலாங்வேயில் ஒரு சாவு வீடு.
பெட்டி நிறைய வளையங்கள் அலமாரியில் இருந்தன.
நல்ல பூட்டு.
அங்கே முதலைகள் வருவதில்லை.

முதலில் துரு வந்தது,
பிறகு இருமல் மாதிரி காற்று,
பிறகு தண்ணீர்.
பிள்ளைகள் தலையை நீட்டினார்கள்.
கணக்கில் வராத இரண்டாவது வளையத்தை
ஃபலேசியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினேன்.
அவளுக்கும் ஸ்பேனர் பிடிக்கத் தெரியும்,
நேற்றே கேட்டிருக்கலாம் என்றாள்.
பதினோரு நாளுக்கு முன்பே, என்று
அவள் சொல்லவில்லை.

மறுநாள் சைக்கிளுக்குக் காற்றடித்தபடி பார்த்தேன்.
குழாயடிச் சிமெண்ட் மேடைக்கு
டோரிக்கா முதல் நடை வலப்பக்கமாய் வந்தாள்.
அடுத்த நடை மாமரத்தைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கமாய்.
மூன்றாவது நடைக்கு
வெகுநேரம் வரவில்லை.